கொட்டுதலும் கொட்டிக்கொள்ளுதலும்: சிந்தல் வினைகளுக்கும் பேருண்டி வினைகளுக்கும் உள்ள பொருண்மை உறவு (கொங்கு வழக்கை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

நீர்மம் சிந்துவதைக் குறிக்கும் வினைகளும் அளவிறந்து உண்பதைக் குறிக்கும் வினைகளும் ஆங்கிலத்தில் சில இடங்களில் ஒரே சொல்லில் கூடுகின்றன. தமிழில் கொட்டு என்னும் வினை, கொள் என்னும் துணைவினையை ஏற்றுக் கொட்டிக்கொள் என்றாகும்போது இக்கூட்டம் நிகழ்கிறது. கொட்டிக்கொள் என்பதில் உள்ள இகழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. கொட்டு என்னும் வினையடியோ கொள் என்னும் துணைவினையோ தனித்து நின்று இகழ்ச்சியைத் தருவதில்லை. கொட்டப்படும் பொருளை ஏற்கும் இடம் வாக்கியத்திலிருந்து நீங்கும்போதே அது பிறக்கிறது என்று இக்கட்டுரை காட்ட முயல்கிறது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை உள்ளிட்ட கொங்கு வட்டாரப் பேச்சு வழக்கும், தொல்காப்பியம், நன்னூல், திருக்குறள் ஆகியவை உணர்த்தும் சொல்லாட்சி மரபும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: சிந்தல் வினைகள், உண்டல் வினைகள், கொட்டிக்கொள், துணைவினை, கொங்கு வழக்கு, இருமொழி அகராதி.

1. முன்னுரை

உண்ணுதல் எல்லா மக்களுக்கும் பொதுவான செயல். ஆயினும், எப்படி உண்டால் அது இகழ்ச்சிக்குரியது என்பதை ஒவ்வொரு மொழியும் தனக்கேற்றவாறு வரையறுக்கிறது. இவ்வரையறையைச் சட்டமாகவோ அறநூலாகவோ தேட வேண்டியதில்லை. அன்றாடப் பேச்சின் வினைச்சொற்களிலேயே அது பதிந்துள்ளது. வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டீர்களா" என்று கேட்கும் அதே வாய், காலந்தாழ்த்தி வரும் மகனிடம் "வந்து கொட்டிக்கோ" என்கிறது. இரண்டும் உண்ணுதலையே குறிப்பினும் இரண்டிற்கும் இடையே நிற்கும் உறவுநிலை வேறு.

இருமொழி அகராதி தொகுப்போரும் மொழிபெயர்ப்போரும் இவ்விடத்தில் இடர்ப்படுகின்றனர். ஆங்கிலத்தின் 'ஸ்பில்' என்பதற்குச் சிந்து என்றும், 'காபிள்' என்பதற்கு விழுங்கு என்றும் ஒற்றை நிகரன் தந்து அமைவது எளிது. அந்நிகரன் எத்தனை இடங்களில் பொருந்தாது போகிறது என்பது வழக்கோடு வைத்துப் பார்க்கும்போதே புலனாகும். குறிப்பாகக் கொங்கு நாட்டில் விழுங்குதல் என்பது பேராசையைச் சுட்டாத, உணவு முறையை ஒட்டிய சொல்லாக வழங்குகிறது. இத்தகைய வட்டார வேறுபாடுகளைப் புறக்கணித்து ஒரு பொதுமை கூறுதல் தமிழின் வினைப்பொருண்மையைக் குறைத்துக் காட்டுவதாகும்.

2. ஆங்கில வினைகளின் இயல்பு

பெத் லெவின் 1993-இல் வெளியிட்ட ஆங்கில வினை வகுப்புகள் பற்றிய நூலில் ஊற்றல் வினைகளைத் தனி வகுப்பாகவும், உண்டல் வினைகளை மெல்லல், விழுங்கல், விருந்துண்ணல் எனப் பல துணை வகுப்புகளாகவும் பகுத்துள்ளார். ஒரு வினை எந்தெந்த வாக்கிய அமைப்புகளில் வரும் என்பதை அதன் பொருள் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர் கொள்கை. இப்பகுப்பில் ஊற்றலும் உண்டலும் தொலைவில் நிற்கின்றன. சொற்களின் வரலாற்றை நோக்கின் அவை அவ்வளவு தொலைவில் இல்லை.

'ஸ்வில்' என்னும் வினை பழைய ஆங்கிலத்தில் நீரூற்றி அலசுதலைக் குறித்தது. பின்னர் மிகையாகக் குடித்தலையும், பெயர்ச்சொல்லாகிப் பன்றிக்கு ஊற்றும் நீர்த்த தீனியையும் குறிக்கலாயிற்று. 'ஸ்லாப்' என்பது நீர்மத்தைச் சிந்துதலைக் குறிப்பதோடு, பன்றிக்கு ஊற்றும் சமையலறைக் கழிவையும் குறிக்கும். 'உல்ஃப்' என்பது ஓநாயின் பெயரே வினையானது. 'கார்ஜ்' என்பது தொண்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஆக, ஆங்கிலம் பேருண்டியை இகழும்போது விலங்கையோ, விலங்கின் தொட்டியையோ, தொண்டையையோ முன்னிறுத்துகிறது. இகழ்ச்சி பெரும்பாலும் வினையடியிலேயே அடங்கிவிடுகிறது.

'ஸ்பில்' என்பதன் வரலாறும் கருதத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் அழித்தல், கொல்லுதல் என்னும் பொருளில் வழங்கிய அச்சொல், குருதி சிந்துதலின் வழியாக நீர்மம் சிந்துதலுக்கு வந்தது. எனவே இழப்பு என்னும் கூறு அச்சொல்லோடு தொடக்கம் முதலே இணைந்திருக்கிறது. தமிழில் சிந்தல் வினைகள் இவ்வாறு ஒரே கூற்றைச் சுற்றி அமையவில்லை.

3. தமிழில் சிந்தல் வினைகள்

ஒரு குவளைப் பால் தரையில் கிடக்கிறது. நிகழ்ந்ததைச் சொல்லத் தமிழர் முதலில் காரணத்தைத் தேர்கின்றனர். கொள்ளளவுக்கு மேல் நிறைந்து வெளியேறியிருந்தால் வழிந்தது. கலத்தில் ஓட்டை இருந்தால் ஒழுகியது. கை அசைந்து ஒரு பகுதி தெறித்திருந்தால் சிந்தியது. முழுவதும் அல்லது பெரும்பகுதி ஒருசேர வீழ்ந்திருந்தால் கொட்டியது. கலம் தலைகீழானால் கவிழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத புரைகளின் வழி மெல்ல வெளிப்பட்டால் கசிந்தது. விளிம்பில் அசைந்து நின்றால் தளும்பியது. இவ்வினைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

அ) கலத்தின் நிலையை முதன்மையாக்குவன: வழி, ஒழுகு, கசி, தளும்பு, கவிழ்.

ஆ) நீர்மத்தின் அளவையும் வீழும் முறையையும் முதன்மையாக்குவன: சிந்து, சொட்டு, தெறி, கொட்டு.

இ) செய்வோனின் நோக்கத்தை முதன்மையாக்குவன: ஊற்று, வார், தெளி, இறை, பாய்ச்சு.

இவற்றுள் சிந்து, கொட்டு ஆகிய இரண்டும் வடிவ மாற்றமின்றிச் செயப்படுபொருள் குன்றியும் குன்றாமலும் வரும். "பால் கொட்டியது", "பாலைக் கொட்டினான்" என்னும் இரண்டும் இயல்பானவை. வழி, கவிழ் போன்றவை வழிந்தது – வழித்தான், கவிழ்ந்தது – கவிழ்த்தான் என இடைநிலை வேறுபாட்டால் பிரிகின்றன. இவற்றுள்ளும் வழித்தான் என்பது சுரண்டி எடுத்தலாகப் பொருள் விலகிவிட்டது. கொட்டு என்பதன் இருநிலைத் தன்மை பின்னர் வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது. அது தானாக வீழ்தலையும் ஒருவன் வீழ்த்துதலையும் ஒரே வடிவில் கொள்வதால், செயலுக்குப் பொறுப்பானவர் யார், அது தவறா வேண்டுமென்றே செய்ததா என்பதைத் துணைவினையே உணர்த்த வேண்டியுள்ளது. "கொட்டிவிட்டான்" என்பதில் செயல் முடிந்துபோன வருத்தமும், கொங்கு வழக்கின் "கொட்டிப்போட்டான்" என்பதில் பொறுப்பின்மை பற்றிய குறையும் தொனிக்கின்றன.

வார் என்னும் வினை பொது வழக்கில் தோசை வார்த்தல், உலோகம் வார்த்தல் போன்ற சில தொடர்களில் சுருங்கிவிட்டது. கொங்கு நாட்டிலோ "தண்ணி வாத்துக்கறது" என்பது குளித்தலைக் குறிக்கும் இயல்பான தொடர். உடல்மீது நீரை அளவாக ஊற்றிக்கொள்ளுதல் என்னும் அதன் நேர்ப்பொருள் இன்றும் தெளிவாக உள்ளது. தன்மீதே ஊற்றிக்கொள்ளும் செயலாயினும் இதில் இகழ்ச்சி ஏதுமில்லை.

சிந்தல் வினைகள் எல்லாம் இழப்பைக் குறிப்பன அல்ல என்பதற்குப் பெருந்துறைப் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானிக் கால்வாய் இவ்வட்டாரத்தின் வழியே செல்கிறது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய் 2.07 இலட்சம் ஏக்கர் பாசனத்துக்குரியது. அண்மை ஆண்டுகளில் இதற்குக் கான்கிரீட் தளமிடுதல் பற்றி எழுந்த கருத்து வேறுபாட்டின் நடுவே நின்றது கசிவு என்னும் சொல். கடைமடைக்கு நீர் செல்ல வேண்டும் என்பாருக்குக் கசிவு இழப்பு. கால்வாயை ஒட்டிய கிணறுகளை நம்பி வாழ்வோருக்கு அதுவே நீர்வரத்து. கலத்தின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு இழப்பாவது, ஏற்கும் இடத்தின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு வரவாகிறது. நீர்மம் எங்கே போய்ச் சேர்கிறது என்னும் இவ்வினாவே உண்டல் வினைகளிலும் மீண்டும் எழுகிறது.

4. இலக்கண மரபில் உண்டல் வினைகள்

உண்ணும் பொருளுக்கேற்ப உண்டல் வினை வேறுபடும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு மிகப் பழங்காலத்திலேயே கண்டுள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரக் கிளவியாக்கம், வெவ்வேறு வினைகளுக்கு உரிய பொருள்களை அடக்கிய பொதுப்பெயர் ஒன்றை அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடித்தலாகாது என்று விதிக்கிறது. இதற்கு உரையாசிரியர்கள் முதன்மையாக எடுத்துக்காட்டும் பெயர் அடிசில் என்பதாகும். அடிசிலுள் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகையும் அடங்கும். எனவே அதனை அயின்றார், மிசைந்தார் எனப் பொதுவினையால் முடிக்க வேண்டும். உண்டார் என்றோ தின்றார் என்றோ முடித்தால் எஞ்சியவற்றுக்குப் பொருந்தாது. நன்னூலும் இவ்விதியைப் போற்றியுள்ளது.

இவ்விதி வாக்கிய அமைதி பற்றியதாயினும், அதன் அடியில் ஒரு பொருண்மைக் கொள்கை உள்ளது. உண், தின், பருகு, நக்கு என்பன உணவின் நிலைக்கேற்பப் பகுக்கப்பட்டவை. மென்மையாகச் சமைத்தது ஒன்று, கடித்து மெல்ல வேண்டியது ஒன்று, நீர்த்தது ஒன்று, நாவால் எடுப்பது ஒன்று. இப்பகுப்பில் உண்பவரின் பண்பு பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. தின் என்னும் வினை இழிவுடையதாகக் கருதப்படுவது பிற்காலத்துப் பொதுப்பேச்சில், சாப்பிடு என்பது மதிப்புச் சொல்லாகப் பரவிய நிலையில் ஏற்பட்ட ஒதுக்கம் எனக் கொள்ளலாம்.

தீர்ப்பு வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் அளவறிந்து உண்பதன் நலனையும் மீறுவதன் கேட்டையும் பேசுகிறது. அங்கே ஒரு குறளில், அளவறிந்தவனுக்கு உண் என்னும் வினையடியும், அளவு கடந்தவனுக்கு இரை என்னும் பெயரடியும் ஆளப்பட்டுள்ளன. இரை என்பது விலங்கும் பறவையும் கொள்ளும் உணவுக்குரிய சொல். உண்ணும் முறையை வருணிக்காமலேயே, உண்பவனை மக்கள் வரிசையிலிருந்து நீக்கிவிடும் சொல்தேர்வு இது. பேருண்டியின் இகழ்ச்சி, செயலின் வேகத்திலோ ஒலியிலோ தங்காமல் உண்பவன் எதுவாகிறான் என்பதில் தங்குகிறது. கொட்டிக்கொள் என்பதிலும் இவ்வழியே செயற்படக் காணலாம்.

5. கொங்கு வழக்கில் உண், தின், விழுங்கு

உரையாசிரியர்கள் காட்டிய பகுப்பு நூல்வழக்கோடு மறைந்துவிடவில்லை. பிற வட்டாரப் பேச்சில் பெரும்பாலும் சாப்பிடு என்பது உண் என்பதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொங்கு நாட்டில், குறிப்பாக முதியோரிடத்து, "சோறு உண்டாச்சுங்களா" என்பது இன்றும் கேட்கக்கூடிய வினவல். சோற்றுக்கு உண், முறுக்குக்கும் கரும்புக்கும் தின், கூழுக்கும் கஞ்சிக்கும் குடி என்னும் பங்கீடு இயல்பாக நிலவுகிறது. "-ங்க" என்னும் மதிப்பு ஒட்டு தின் என்பதோடும் தடையின்றிச் சேர்கிறது. "முறுக்குத் தின்னுங்க" என்று விருந்தினரை உபசரிப்பதில் எவ்விதக் குறைவும் கருதப்படுவதில்லை. வட்டாரச் சொற்களைத் தொகுத்த பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000), 1942-இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் போன்றவை இப்பேச்சு மரபை அறிய உதவும் அச்சுச் சான்றுகள்.

விழுங்கு என்னும் வினையின் நிலை மேலும் கூர்ந்து நோக்கத்தக்கது. கால்வாய்ப் பாசனம் வருமுன் பெருந்துறைச் சுற்றுவட்டம் கிணற்றையும் மழையையும் நம்பிய புன்செய் நிலம். கம்பும் சோளமும் ராகியும் அன்றாட உணவு. நெல்லஞ்சோறு என்று அடைகொடுத்துச் சொல்ல வேண்டிய அளவுக்கு அரிசிச் சோறு அரியது. ராகிக் களியை உண்ணும் முறை சோறுண்ணும் முறையினின்று வேறானது. களியைச் சிறு உருண்டையாகக் கிள்ளி, குழியாக்கி, கீரைக் கடைசலிலோ கொள்ளுப் பருப்பிலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்குவர். மென்றால் பல்லில் ஒட்டும், சுவையும் கெடும். எனவே "களியை விழுங்கினான்" என்பது முறையாக உண்டான் என்றே பொருள்படும். "சோற்றை விழுங்கினான்" என்பதே அவசரத்தையோ ஆர்வமின்மையையோ உணர்த்தும்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு எளியது, ஆனால் அகராதியியலுக்கு முதன்மையானது. மெல்லாமை என்னும் புறச்செயல் தன்னளவில் பேராசைக் குறியன்று. அச்செயல் எவ்வுணவோடு சேர்கிறது என்பதைக் கொண்டே பொருள் துணியப்படுகிறது. ஆங்கிலத்தின் 'காபிள்', 'கல்ப்' ஆகியவை எவ்வுணவோடு சேர்ந்தாலும் வேகத்தையும் மிகையையும் சுட்டும். அவற்றுக்கு விழுங்கு என்று நேர்நிகரன் தந்தால், கொங்குப் புன்செய் உழவரின் காலை உணவு முழுவதும் பேருண்டியாகிவிடும்.

6. கொட்டிக்கொள்: ஏற்கும் இடம் நீங்குதல்

கொட்டிக்கொள் என்பது குறைந்தது மூன்று பொருளில் வழங்குகிறது.

(1) காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டான்.

(2) தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டான்.

(3) நேரத்துக்கு வந்து கொட்டிக்கொண்டு போகிறான்.

முதலாவது தவறி நேர்ந்தது. இரண்டாவது வேண்டிச் செய்தது. இரண்டிலும் செயலின் பயன் செய்தவன்மேலேயே விழுகிறது என்பதைக் கொள் என்னும் துணைவினை உணர்த்துகிறது. மூன்றாவதே உண்டலைக் குறிக்கிறது. மூன்றையும் பிரித்துக் காட்டும் வடிவக் கூறு யாது? முதல் இரண்டிலும் நீர்மம் சென்று சேரும் இடம் (காலில், தலையில்) ஏழாம் வேற்றுமையில் வெளிப்படையாக உள்ளது. மூன்றாவதில் அது இல்லை. பெரும்பாலான வழக்குகளில் செயப்படுபொருளும் இல்லை. சோறு என்றோ குழம்பு என்றோ சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் இகழ்ச்சி கூர்மை இழக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இகழ்ச்சி கொள் என்னும் துணைவினையால் வருவதாகக் கூடாதா? பந்தியில் "சோற்றில் குழம்பு ஊற்றிக்கொள்ளுங்கள்", "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்பன மதிப்போடு கூறும் உபசாரங்கள். அங்கும் கொள் உள்ளது, இகழ்ச்சி இல்லை. அவற்றில் இலையோ தட்டோ சோறோ ஏற்கும் இடமாக நிற்கிறது, அல்லது கேட்பவரால் உடனே உணரப்படுகிறது. அவ்வாறாயின் கொட்டு என்னும் வினையடியால் வருவதாகக் கூடாதா? "அவித்த நெல்லைக் களத்தில் கொட்டினார்கள்" என்பதில் இகழ்ச்சி இல்லை. "மழை கொட்டியது" என்பது புன்செய் நாட்டில் மகிழ்ச்சிச் செய்தி. எனவே இரண்டும் சேர்வது மட்டும் போதாது. ஏற்கும் இடம் நீங்கவும் வேண்டும்.

இந்நீக்கத்தின் விளைவு பொருண்மையில் ஆழமானது. இயல்பான உணவு நிகழ்ச்சியில் உணவு, கலத்திலிருந்து இலைக்கும், இலையிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்கிறது. இலை என்பது இடைநிலம். பரிமாறுபவரின் செயல் அங்கே முடிந்து உண்பவரின் செயல் அங்கே தொடங்குகிறது. கொட்டிக்கொள் என்பதில் இவ்விடைநிலம் நீக்கப்பட்டு, உண்பவரின் உடலே கலமாகிறது. அவர் உண்பவராக இராமல் நிரப்பப்படும் பாண்டமாகிவிடுகிறார்.

இக்கருத்தைப் பிற தொடர்களும் வலுப்படுத்துகின்றன. மிகையாக உண்டவனை "மூக்கு முட்டத் தின்றான்" என்பர். நீர்மட்டம் கலத்தின் விளிம்பை எட்டுவது போன்ற அளவீடு இது. பெருங்குடியனை மொடாக்குடியன் என்பர். மொடா என்பது பெரிய மட்பானை. அடைத்துக்கொள், திணித்துக்கொள் ஆகிய வினைகளும் கலத்தை நிரப்பும் வினைகளே. அவையும் இடத்தைச் சொல்லாது வரும்போதே உண்டலைக் குறிக்கின்றன. ஊற்றிக்கொள் என்பது இடமின்றி வந்தால் மதுவருந்துதலைச் சுட்டும். "ஊத்திக்கிட்டு வந்திருக்கான்" என்பதில் எதனை, எங்கே என்னும் வினாக்கள் எழுவதில்லை.

மறுதலைச் சான்றும் உண்டு. வயிறு என்னும் கலம் வெளிப்படையாகக் கூறப்படும் தொடர்களில் இகழ்ச்சி குறைந்து இரக்கம் மிகுகிறது. "வயிற்றை நிரப்பிக்கொள்ளப் பாடுபடுகிறான்", "கூலி வேலை செய்து வயிற்றைக் கழுவுகிறான்" என்பவை தேவையையும் வறுமையையும் உணர்த்துவன. கலம் கூறப்பட்டால் அதற்கு உடையவர் ஒருவர் உளர். அவருக்கு ஒரு தேவை உண்டு. கலம் கூறப்படாதபோது உடையவரே கலமாகக் கருதப்படுகிறார்.

7. ஊற்றுபவரும் ஊற்றிக்கொள்பவரும்

ஏற்கும் இடத்தோடு நீங்குவது இன்னொன்றும் உண்டு: பரிமாறுபவர். தமிழ்ச் சமூகத்தில் உணவு பிறரால் இடப்படுவதே முறையாகக் கருதப்பட்டு வந்துள்ளது. சோறு போடு, குழம்பு ஊற்று, நெய் வார், இலை போடு என உணவு சார்ந்த வினைகள் பலவும் பிறர்க்கு ஆற்றும் வினைகளே. இவ்வினைகள் உணவு நிகழ்ச்சியைக் கடந்து காத்தலுக்கும் பெயராகின்றன. முதுமைக் காலத்தில் "எனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்துவான்" என்று மகனைப் பற்றிக் கூறுவதில் கஞ்சி உணவை மட்டும் குறிப்பதில்லை. பெற்றோரைக் கைவிடாமை முழுவதும் ஊற்று என்னும் ஒரு வினையில் அடங்குகிறது. அதே ஊற்று, இடமின்றிக் கொள் என்பதை ஏற்றால் குடியைக் குறிக்கிறது. ஒரே வினையடி பிறர்பொருட்டு வரும்போது கடமையாகவும், தற்பொருட்டு இடமிழந்து வரும்போது கேடாகவும் நிற்பது தற்செயலன்று.

கொட்டிக்கொள் என்பதைப் பெரும்பாலும் கூறுபவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். "வேளாவேளைக்கு வந்து கொட்டிக்க மட்டும் தெரியுது" என்று கூறுபவர் பெரும்பாலும் சமைத்துப் பரிமாறும் தாயோ மனைவியோ ஆவர். கேட்பவர் அவ்வுழைப்பைப் பொருட்படுத்தாமல் உண்டு எழுபவர். இவ்வாக்கியத்தில் சமைத்தவர் இல்லை, பரிமாறியவர் இல்லை, இலையும் இல்லை. உண்பவர் எவ்வாறு பரிமாறுபவரைக் கருதாது விடுகிறாரோ, அவ்வாறே பரிமாறுபவர் தம்மை வாக்கியத்திலிருந்து நீக்கிக்கொள்கிறார். உணவின் அளவு பற்றிய குற்றச்சாட்டாகத் தோன்றுவது உண்மையில் நன்றியின்மை பற்றிய குற்றச்சாட்டு. சிறிதளவே உண்டவனையும் கொட்டிக்கொண்டான் என்று கூற இயல்வது இதனாலேயே. இவ்வினை முதன்மையாகக் குறிப்பது பேருண்டியைக் காட்டிலும் உறவற்ற உண்டியை எனலாம்.

இதே வினை அதிகாரத்தின் கையிலும் கருவியாகிறது. வேலைக்கு வைத்தவர் வேலையாளைப் பற்றி "கொட்டிக்கிட்டு வேலை செய்யமாட்டேங்கறான்" என்னும்போது, கொடுத்த உணவு கூலியின் பகுதி என்பது மறைக்கப்பட்டு, அது தொட்டியில் இட்ட தீனியாகிவிடுகிறது. கொங்கு நாட்டுப் பண்ணை வாழ்க்கையில் ஆளுக்காரப் பிள்ளைகளின் நிலையைப் பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000) நாவல் பேசுகிறது. அத்தகைய சூழலில் ஊற்றப்படுபவர் கலத்தைத் தேர்வதில்லை. எங்கே நின்று வாங்குவது என்பதையும் தேர்வதில்லை. இலை மறுக்கப்பட்டவரை இலையில்லாத வினையால் குறிப்பது இரட்டைக் கொடுமையாகிறது. தாயின் வாயில் உரிமைக் குறையாக ஒலிக்கும் சொல், உடைமையாளரின் வாயில் இழிவுபடுத்தலாக ஒலிப்பதற்கு வினையின் பொருண்மை மாறுவது காரணமன்று. நீக்கப்படுவது யாருடைய உழைப்பு என்பது மாறுவதே காரணம். முன்னதில் கூறுபவரின் உழைப்பு மறைகிறது. பின்னதில் கேட்பவரின் உழைப்பு மறைக்கப்படுகிறது.

8. பாராட்டாகும் பேருண்டி

மிகுதியாக உண்ணுதலைக் குறிக்கும் தொடர்கள் எல்லாம் இகழ்ச்சியுடையன அல்ல. "ஒரு பிடி பிடித்தான்", "ஒரு வெட்டு வெட்டினான்", "ஒரு கட்டு கட்டினான்" என்பன மிகையுண்டியையே குறிப்பினும் பாராட்டும் நகையும் கலந்தவை. இவை கலத்தை நிரப்பும் வினைகள் அல்ல. கைத்திறனையும் வலிமையையும் காட்டும் வினைகள். வினையின் அடியே பெயராகி ஒரு என்னும் அடையோடு வந்து, ஒரு முறை சிறப்பாக நிகழ்த்திய செயல் என்னும் பொருளைத் தருகிறது. இங்கே உண்பவர் செயலாற்றுபவர். கொட்டிக்கொள் என்பதில் அவர் ஏற்கும் பாண்டம்.

பந்தியில் பரிமாறிய வீட்டாரே விருந்தினரைப் பற்றி "ஒரு பிடி பிடிச்சுட்டாருங்க" என்று மகிழ்வோடு கூறுவர். விருந்தினர் மிகுதியாக உண்டது அவர்கள் சமையலுக்குக் கிடைத்த மதிப்பு. அளவு ஒன்றே; உறவு பேணப்பட்டதா என்பதே வினையைத் தீர்மானிக்கிறது. பெருங்கவளமாக வாயில் அடக்கி உண்ணுதலைக் குறிக்கும் மொக்கு என்பது இவ்விரு வகைக்கும் இடையே நின்று, சூழலுக்கேற்ப இருபுறமும் சாயும்.

9. அகராதியியலுக்குப் பெறப்படுவன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து இருமொழி அகராதிப் பதிவுகளுக்கு மூன்று நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, சிந்தல் வினைகளுக்குக் காரணக்கூறு பதியப்பட வேண்டும். 'ஸ்பில்' என்பதற்கு வழி, ஒழுகு, சிந்து, கொட்டு, கவிழ் ஆகியவற்றுள் எது பொருந்தும் என்பதைக் கலத்தின் நிலையும் நீர்மத்தின் அளவுமே தீர்மானிக்கும்.

இரண்டாவது, துணைவினையேற்ற வடிவங்கள் தனித் தலைச்சொல்லாகவோ துணைப்பதிவாகவோ இடம்பெற வேண்டும். கொட்டிக்கொள், ஊற்றிக்கொள், அடைத்துக்கொள் ஆகியவற்றில் இடப்பெயர் வரும் வழக்கும் வாரா வழக்கும் வெவ்வேறு பொருளாகக் காட்டப்பட வேண்டும். 'ஸ்வில்', 'ஸ்லாப்' போன்ற சொற்களை மொழிபெயர்ப்போருக்கு இவையே நெருங்கிய நிகரன்கள்.

மூன்றாவது, உண்டல் வினைகளுக்கு உணவின் வகையும் வட்டாரமும் குறிக்கப்பட வேண்டும். விழுங்கு, தின் ஆகிய வினைகளின் மதிப்புநிலை கொங்கு நாட்டில் ஒன்றாகவும் பொது வழக்கில் வேறாகவும் இருப்பதைச் சுட்டாத பதிவு, ஒரு வட்டார மக்களின் இயல்பான பேச்சைப் பண்பற்ற பேச்சாகக் காட்டிவிடும்.

முடிவுரை

ஆங்கிலம் பேருண்டியை இகழும்போது விலங்கையும் அதன் தொட்டியையும் வினையடியிலேயே வைக்கிறது. தமிழ், கொட்டு என்னும் பொதுவான வினையடியையும் கொள் என்னும் பொதுவான துணைவினையையும் கொண்டு, ஏற்கும் இடத்தை நீக்குவதால் அவ்விகழ்ச்சியை ஆக்குகிறது. இடம் நீங்குவதால் உண்பவர் கலமாகிறார்; இலையோடு அதை இட்டவரும் மறைகிறார். உணவின் நிலைக்கேற்ப வினையைப் பகுத்த தொல்காப்பிய மரபும், அளவு மீறியவனுக்கு இரை என்னும் சொல்லைத் தேர்ந்த குறளும், களியை விழுங்குவதை முறையாகக் கொண்ட கொங்குப் புன்செய் வழக்கும் ஒன்றையே உணர்த்துகின்றன. எவ்வளவு உண்டான், எவ்வளவு விரைந்து உண்டான் என்பதைவிட, யார் இட, எதில் ஏற்று உண்டான் என்பதே தமிழில் உண்டலின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. இப்பொருண்மை உறவு பிற வட்டார வழக்குகளில் எவ்வாறு அமைகிறது என்பதை ஒப்பிட்டுக் காண்பதும், இடமிழப்பு வேறு வினை வகுப்புகளிலும் இகழ்ச்சியைத் தோற்றுவிக்கிறதா எனத் தேர்வதும் இவ்வாய்வைத் தொடர்வோர்க்குரிய பணிகளாகும்.